உமக்குத் தெரிந்த இங்கிலாந்து

காலையில் மடிக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. ஒரு கட்டில் விரிப்பைப் பாதி உள்ளே இழுத்துக்கொண்டு, மீதியை வெளியே தொங்கவிட்டபடி அசையாமல் நின்றது. திருத்துகிறவர் பின்னேரம்தான் வருவார் என்றார்கள். முதியோர் இல்லத்தின் மேல்மாடிக் கட்டில்கள் எல்லாம் வெறுமனே கிடந்தன. காத்திருக்க முடியாது. நானும், எரித்திரியாவிலிருந்து வந்து இப்போதுதான் சலவை அறையில் சேர்ந்திருக்கும் பெண்ணும் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்துக் கையால் மடிக்கத் தொடங்கினோம். முதல் விரிப்பை உதறியதும் உலர்த்தியின் சூடும் பருத்தியின் வாசமும் முகத்தில் அடித்தன. அந்த வாசத்தோடு நீர் வந்து என் எதிரே நின்றுவிட்டீர்.

அந்தப் பெண் நல்ல பெண். ஆனால் நான் முன்னால் போகும்போது அவளும் வருகிறாள், நான் நிற்கும்போது அவளும் நிற்கிறாள், விரிப்பு நடுவில் தொய்ந்து தரையில் படுகிறது. உமக்கும் எனக்கும் அந்தத் தொல்லை இருந்ததே இல்லை. நான் என் மூலைகளைப் பிடித்துக்கொண்டு நிற்க, நீர் உம்முடைய மூலைகளோடு நடந்து வந்து என் கையில் தருவீர். தரும்போது ஒரு வசனம் சொல்வீர். திரும்பிப் போய் அடுத்ததை எடுத்துக்கொண்டு வரும்போது அந்தக் கதையின் அடுத்த வசனம் வரும். ஒரு வண்டி விரிப்பு முடிய இங்கிலாந்தின் சரித்திரத்தில் கொஞ்சம் முன்னேறியிருப்போம்.

இன்றைக்கென்று பார்த்து அந்த இயந்திரம் நின்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இன்று பின்னேரம் என் மகள் மதுராவின் பள்ளிக்கூடத்துக்கு எங்களை வரச் சொல்லியிருந்தார்கள். அவள் இப்போது ஆறாம் வகுப்பு. அடுத்து எங்கே போவது என்று கதைக்கிற அந்தச் சந்திப்புத்தான். படிப்பில் கெட்டிக்காரர் போகிற 'செக் ஆ'வா, மெதுவாகப் படிப்பவர்களின் 'செக் பே'யா. உமக்கு விளக்கத் தேவையில்லை. இந்தச் சுவிஸ் நாட்டில் எங்கள் ஆட்கள் தாலி கட்டுக்கும் பாஸ்போட்டுக்கும் அடுத்ததாகப் பயப்படுவது இந்த ஒரு சந்திப்புக்கு. நீர் இல்லாமல் அந்தக் கதிரையில் போய் எப்படி இருப்பது என்று ஒரு கிழமையாக நெஞ்சுக்குள் ஒரே புகைச்சல்.

நீர் யாழ்ப்பாணத்தில் வெளிவாரியாகக் கல்வியியல் படித்துக்கொண்டிருந்தீர். பிரித்தானியாவில் கல்வி எப்படி வளர்ந்தது என்று அதில் ஒரு தாள். அதைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பரீட்சைக்குக் காத்திருந்த நேரத்தில் இடம்பெயர்ந்து, பிறகு கொழும்புக்கு வந்து, கடைசியில் சூரிச்சுக்குப் பக்கத்து அட்லிஸ்வில்லில் இதே சலவை அறையில் என் எதிரே வந்து நின்றீர். எழுதக் கிடைக்காத அந்தத் தாளை நீர் என்னிடம்தான் எழுதித் தீர்த்தீர். எனக்கு வேறு வழியும் இருக்கவில்லை, விரிப்பின் மற்ற நுனி உம்முடைய கையில் இருந்ததே.

"முதல்ல அங்கை பள்ளிக்கூடம் எண்டால் எல்லாம் தேவாலயக்காரர்தான்," என்று தொடங்குவீர். "ஏழைப் பிள்ளையள் கிழமை நாளில வேலைக்குப் போவினம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் வேதம் வாசிக்கப் பழகுவினம். அரசாங்கம் திரும்பியும் பாக்கேல்லை."

"பிறகு?"

"பிறகு நாங்கள் போய்க் காப்பாத்தினம்."

மதராசில் இருந்த ஒரு பாதிரியார், அங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதையும், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்துவிட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனாராம். ஒரு மண்டபம், ஒரே ஒரு வாத்தியார், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், நடுவில் சட்டாம்பிள்ளைகள். "எங்கட சட்டாம்பிள்ளையைக் கப்பலேத்திக் கொண்டு போனவங்கள். பிறகு அதையே தங்கட கண்டுபிடிப்பு எண்டு எங்களிட்டை மிசன் பள்ளிக்கூடத்தில திருப்பித் தந்தவங்கள். நாங்களும் வாங்கிக்கொண்டு தாங்க்யூ சொன்னம்." சொல்லும்போது உமக்குக் கோபமா, பெருமையா என்று எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

"வெள்ளைக்காரன் எண்டால் உமக்கு ஒரு வாரப்பாடு, ஒரு தனிப் பாசம்தான்," என்று சீண்டுவேன்.

"வாரப்பாடு இல்லை. என்னை ஆர் செய்தது எண்டு எனக்குத் தெரிய வேணும்."

ஒருநாள் வித்தியாதரிசியின் கதை வந்தது. பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்க வரும் அந்தப் பெரிய மனிதர் வருகிறார் என்றால் ஊரே கூட்டிப் பெருக்கப்படும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அவர் வரும் நாட்களில் எனக்குக் காய்ச்சல் வரும். நான் முடிவு செய்வதில்லை, ரீச்சரே முதல்நாள் பின்னேரம் சொல்லிவிடுவா, நாளைக்கு உனக்குக் காய்ச்சல், வீட்டில் நில் என்று. என்னைப் போல இன்னும் சிலருக்கும் அதே காய்ச்சல். நான் அதைப் பகிடியாகத்தான் உமக்குச் சொன்னேன். நீர் சிரிக்கவில்லை. விரிப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றீர்.

"அங்கை முந்தி ஒரு சட்டம் இருந்தது," என்றீர். "வித்தியாதரிசி வந்து பிள்ளையளை வாசிக்கச் சொல்லுவார், கணக்குச் செய்யச் சொல்லுவார். எத்தினை பேர் சரியாச் செய்யினமோ, அதைப் பாத்துத்தான் பள்ளிக்கூடத்துக்குக் காசு. செய்யாத பிள்ளையளை வாத்திமார் என்ன செய்வினம்? ஒளிச்சு வைப்பினம். சட்டம் போய்க் கன காலம். பழக்கம் போகேல்லை. உம்மை வீட்டில நிப்பாட்டினது உங்கட ரீச்சர் இல்லை."

அதுவரை நான் மொக்கு என்றுதான் நினைத்திருந்தேன். என்னைக் கட்டிய மனுசனுக்கும் அதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். கடல் கடந்து ஆரோ போட்ட ஒரு சட்டத்தின் வால் என் முதுகில் பட்டதுதான் அந்தக் காய்ச்சல் என்று நீர் சொன்ன அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகும்போது சீல் ஆற்றங்கரையால் நடந்துதான் போனேன், ரயில் எடுக்கவில்லை. உம்மில் எனக்கு வந்த பிரியம் அந்த நடையில் தொடங்கியது. அதை உம்மிடம் ஒருபோதும் சொன்னதில்லை, சொன்னால் உமக்குத் தலைக்கனம் ஏறும்.

அப்போது எனக்குப் பிள்ளை இல்லை. உம்முடைய மகள் அபிரா இரண்டு வீட்டிலும் வளர்ந்தாள். வேலை முடிந்து நீர் களைத்துப்போய்க் கிடக்கும் நாட்களில் அவளை நீச்சலுக்குக் கூட்டிப்போவது நான், முருகன் கோயில் வாசலில் சப்பாத்துத் தேடிக்கொடுப்பது நான், தலை இழுத்துவிடுவது நான். சடை பின்னும்போது சுவிஸ் ஜெர்மனில் எனக்குப் பாட்டுச் சொல்லித் தருவாள். விசர்ப் பாட்டுகள், ஒன்றும் விளங்காது. அவளுக்குச் சாப்பாடு வைத்துக்கொடுக்கிற பச்சை டப்பா என் வீட்டில்தான் இருக்கும். உம்முடைய பிள்ளையை நான் கொஞ்சம் திருடித்தான் வைத்திருந்தேன், நீரும் கண்டும் காணாமல் விட்டீர்.

அவள் ஆறாம் வகுப்புக்கு வந்தாள். உம்மையும் உம்முடைய அவரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். நீர் கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு போனீர். அடுத்தநாள் சலவை அறைக்கு வந்தபோது உம்முடைய முகம் வெளுத்திருந்தது.

"பே எண்டு சொல்லிப்போட்டினம்," என்றீர்.

"நீர் என்ன சொன்னனீர்?"

"ஓம் எண்டனான்."

"ஏன்?"

"ரீச்சர் சொன்னால் ஓம்தானே."

நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தவர்கள். அதிபரின் அறைக்குத் தாய் தகப்பனைக் கூப்பிட்டால் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு போக வேண்டும், இருக்கச் சொன்னாலும் கதிரையின் நுனியில் இருக்க வேண்டும், தீர்ப்பைக் கேட்க வேண்டும், நன்றி சொல்லி வெளியே வர வேண்டும். அதுதான் எங்களுக்குத் தெரிந்த மரியாதை. நீரும் அதைத்தான் செய்தீர். உம்முடைய கட்டிடத்தில் குடியிருந்த ஒருவர், சுவிஸ்காரர், பிறகு மாடிப்படியில் உம்மிடம் கேட்டாராம், நீங்கள் ஏன் மறுத்துக் கதைக்கவில்லை, அது கதைப்பதற்கான கூட்டம்தானே என்று. பெற்றோர் சம்மதித்தால்தான் முடிவாகுமாம். நீர் போனது தீர்ப்புக் கேட்க. அவர்கள் கூப்பிட்டது அபிப்பிராயம் கேட்க. அந்த வருடம் எங்கள் ஆட்களில் இன்னும் எத்தனை வீட்டில் இப்படிச் சேலை கட்டிக்கொண்டு போய்த் தலையாட்டிவிட்டு வந்திருப்பார்களோ தெரியாது.

அதற்குப் பிறகு உம்மை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. லண்டன், லண்டன் என்று தொடங்கிவிட்டீர். சுவிசின் சிவப்புப் பாஸ்போட் கையில் இருந்தது. அந்த நாட்களில் அதைக் காட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்க் குடியிருக்கலாம், பிரெக்சிட் எல்லாம் பிறகுதான். சூரிச்சில் இருந்தும் பெர்னில் இருந்தும் பிள்ளையின் படிப்பு என்று சொல்லிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போனார்கள். நான் உம்மை ஏசினேன். இங்கே பதினைந்து வயதில் ஒரு தொழிலைப் பழகப் போகிற பிள்ளைகள் நன்றாகத்தானே இருக்கிறார்கள், சம்பளத்தோடு படிக்கிறார்கள், பிறகு விரும்பினால் மேலே போகவும் வழி இருக்கிறதே என்றேன்.

"அது சரி," என்றீர். "ஆனால் பன்னிரண்டு வயசில ஒரு பிள்ளையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் எண்டு பிரிக்கிறதோ?"

"உம்முடைய இங்கிலாந்தில பிரிக்கேல்லையோ?"

"பிரிச்சவங்கள். இரண்டாவது உலக யுத்தம் முடியிற காலத்தில எல்லாருக்கும் இலவசமா மேற்படிப்பு எண்டு சொல்லிப்போட்டு, பதினொரு வயசில ஒரு சோதினை வைச்சவங்கள். பாஸ் பண்ணினதுகள் ஒரு பள்ளிக்கூடம், மற்றதுகள் வேற பள்ளிக்கூடம். அண்ணன் ஒண்டு, தம்பி மற்றது. ஒரே மேசையில சாப்பிட்டதுகள் கதைக்காமல் போனதுகள். பிறகு அவங்களுக்கே வெக்கமாப் போச்சு. கனக்க இடத்தில விட்டுப்போட்டு எல்லாரையும் ஒரே பள்ளிக்கூடத்தில விட்டவங்கள். நான் வெக்கப்பட்டவங்களிட்டைப் போறன். இவங்கள் இன்னும் வெக்கப்படேல்லை."

உம்மிடம் வாதாடி நான் எப்போது வென்றேன். ஆனால் எனக்கு இங்கிலாந்தும் வேண்டாம், அதன் சரித்திரமும் வேண்டாம், நீர் எதிரே நின்றால் போதும் என்று இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. விமான நிலையத்தில் அபிரா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீர் அவளை இழுத்துக்கொண்டு போனீர். அடுத்த மாதமே சலவை அறைக்கு மடிக்கும் இயந்திரம் வாங்கினார்கள். அதன் மேல் எனக்கு இருந்த வெறுப்பு அந்த இயந்திரத்துக்கும் தெரிந்திருக்கும்.

லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறும் வேலை உமக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பீர். முதல் ஞாயிறே சிரித்துச் சிரித்து உமக்கு இருமல் வந்துவிட்டது.

"ஹெட்மாஸ்டர் சாப்பாட்டு அறைக்குள்ள வந்தவர். ஒரு பிள்ளையும் எழும்பேல்லை. நான் ஒரு மூலையில இருந்து என்ரை சோத்தைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தனான். நான் மட்டும் எழும்பி நிண்டனான், கரண்டியும் கையுமா. அவர் பயந்துபோய் என்னட்டை வந்து, ஆர் யூ ஓகே எண்டு கேட்டவர்."

உமக்குத் தெரிந்த இங்கிலாந்தை நீர் அங்கே தேடித் திரிந்தீர். இல்லம் இல்லமாகப் பிரிந்து ஓடும் விளையாட்டுப் போட்டி, மாணவ முதல்வர், பரிசளிப்பு விழா, வெள்ளைச் சட்டையில் கஞ்சி போட்ட மொடமொடப்பு, பிரம்பு. சிலது பெயருக்கு இருந்தது, பலது இல்லை. பிள்ளைகள் ரீச்சரோடு வாதாடினார்கள். ரீச்சர் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டா. "நாங்கள் ஊரில கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்ட பள்ளிக்கூடத்தை இவங்கள் எப்பவோ விட்டிட்டாங்கள்," என்றீர் ஒருநாள். "எங்களுக்கு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை." அன்றைக்கு உம்முடைய குரலில் சிரிப்பு இல்லை. தெரிந்த வீட்டுக்கென்று புறப்பட்டுப் போய், வேறு ஆட்கள் கதவைத் திறந்தால் வாசலில் நிற்பவளுக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது உமக்கு. நான் இங்கே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, அப்படியென்றால் திரும்பி வாருமன் என்று மனதுக்குள் சொன்னேன்.

வித்தியாதரிசி மட்டும் அங்கே அழியாமல் இருந்தார். பெயர்தான் மாறியிருந்ததாம். அவர்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்ததும் பள்ளிக்கூடம் முழுதும் சுவர்களில் புதுப் படம் ஒட்டினார்கள், சாப்பாட்டில் அன்றைக்குக் கூடுதலாக மரக்கறி. "ஒருத்தருக்கும் காய்ச்சல் வரேல்லையோ?" என்று கேட்டேன். நீர் சிரித்த சிரிப்பில் எனக்கு இரண்டு கிழமைக்கு மனம் நிறைந்திருந்தது.

பெற்றோர் சந்திப்புக்கும் போனீர். பெரிய மண்டபம், மேசை மேசையாக வாத்திமார், ஆளுக்கு ஐந்து நிமிடம். கேட்க வேண்டிய கேள்வியை எல்லாம் வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போனீர். ஒரு இளம் வாத்தியார், உம்முடைய வயதில் பாதி, ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்று கேட்டார். நீர் கதிரையில் இருந்து எழும்பி, நோ சேர், தாங்க்யூ சேர் என்று சொல்லிவிட்டு வந்தீர். இந்த நாட்டை விட்டுப் போனது அதற்காகத்தானே, அங்கேயும் அதே வாய்தான் உம்மோடு வந்திருந்தது. நீரே என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்தீர்.

ஆனால் அபிரா பிழைத்துக்கொண்டாள். ஆங்கிலம் பிடிபட ஒரு வருடம் அழுதாள், பிறகு மூச்சுவிடாமல் படித்தாள். இன்றைக்குக் குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கும் வேலை செய்கிறாள். அவளை அந்தப் பள்ளிக்கூடம் ஒரு பக்கமும் ஒதுக்கவில்லை. அதை உமக்காக நான் ஒத்துக்கொள்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

எல்லாரும் கைவிட்ட பிறகு, நாற்பதுக்கு மேல், எனக்கு மதுரா பிறந்தாள். அவளுடைய முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு லண்டனில் இருந்து வந்தீர். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "இவளைப் பேச விடும், என்ன," என்றீர். பிள்ளைக்கு அப்போது அழ மட்டும்தான் தெரியும். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நீர் எப்போதும் இப்படி ஏதாவது சொல்வீர்.

போன வருடம் உம்முடைய நோய் முற்றிவிட்டது என்று அபிரா சொன்னபோது நான் வந்தேன். தென் லண்டனில் உம்முடைய சின்ன வீட்டில், அபிரா குசினியில் சமைத்துக்கொண்டு நிற்க, யன்னலோரக் கட்டிலில் ஒரு பின்னேரம் முழுதும் நானும் நீரும் மட்டும் இருந்தோம். உம்முடைய விரிப்பை நான் மாற்றினேன். நீர் படுத்தபடியே உம்முடைய பக்க மூலையைப் பிடித்துத் தந்தீர், பழக்கம் போகவில்லை. அப்போதுதான் அந்தப் பழைய சந்திப்பைப் பற்றி எனக்குத் தெரியாத மிச்சத்தைச் சொன்னீர்.

"அண்டைக்கு அந்த ரீச்சர் அபிராவையும் கேட்டவ."

"எண்டைக்கு?"

"அட்லிஸ்வில்லில. பே எண்டு சொன்ன அண்டைக்கு. என்னைக் கேட்டுப்போட்டு அவளிட்டைத் திரும்பி, நீ என்ன நினைக்கிறாய் எண்டு கேட்டவ. பிள்ளையைக் கேப்பினம் எண்டு ஆர் கண்டது? அவள் வாயைத் திறக்க முதல் என்ரை முகத்தைப் பாத்தவள். நான் கண்ணால காட்டினனான்."

"என்னெண்டு?"

"பேசாமல் ஓம் எண்டு சொல்லு எண்டு. அவளும் யா எண்டு சொன்னவள்."

நான் உம்முடைய காலைத் தடவிக்கொண்டு, அதை விடும், அவள் நல்லாத்தானே இருக்கிறாள் என்றேன்.

"நல்லாத்தான் இருக்கிறாள். ஆனால் அவள் என்ன சொல்ல வெளிக்கிட்டவள் எண்டு எனக்குக் கடைசிவரைக்கும் தெரியாது."

"அவள் குசினியிலதானே நிக்கிறாள். கூப்பிட்டுக் கேளுமன்."

நீர் தலையை ஆட்டினீர், வேண்டாம் என்று. இனி அவளுக்கு ஞாபகம் இருக்காது என்றீர். அதன்பின் உம்மோடு நான் கதைத்ததெல்லாம் மாத்திரை, தண்ணீர், யன்னலைச் சாத்துவதா திறப்பதா என்பதுதான். ஒரு மாதத்தில் நீர் போய்விட்டீர். செத்தவீட்டுக்கு வர எனக்கு விமானத்தில் இடம் கிடைத்தது, வேலையில் விடுமுறையும் கிடைத்தது, எல்லாம் கிடைத்தது. உம்முடைய முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் துணிவு கிடைக்கவில்லை, கதவோரத்தில் நின்றுவிட்டு வந்தேன்.

இன்று பின்னேரம் நாங்கள் மூன்று பேரும் போனோம். இவர் கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். நான் சாதாரண உடுப்பில்தான் போனேன், வேண்டுமென்றே. வட்டமான சின்ன மேசை, பிள்ளைகள் இருக்கிற கதிரை, ஆளுக்கொரு கிளாசில் தண்ணீர். வகுப்பு வாத்தியார் நல்ல பெடியன், தாடி வைத்திருக்கிறான். மதுரா கெட்டிக்காரி, ஆனால் கணக்கில் மெதுவாக, ஜெர்மன் எழுத்தில் இன்னும் கொஞ்சம் வேண்டும், அதனால் 'பே' நல்லது என்று தான் நினைப்பதாகச் சொன்னார். அவர் சொல்லி முடிக்க முதலே இவர் தலையாட்டத் தொடங்கிவிட்டார். மேசைக்குக் கீழே இவருடைய காலை மிதித்தேன். காலை இழுத்துக்கொண்டு தலையை இன்னும் வேகமாக ஆட்டினார்.

பிறகு வாத்தியார் மதுராவிடம் திரும்பினார். நீ என்ன நினைக்கிறாய் என்றார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை உமக்கு நான் விளக்கத் தேவையில்லை. என் கண்ணுக்குள்ளும் ஒரு கட்டளை தயாராக இருந்தது. உம்முடையது ஓம் என்று சொல்லச் சொன்னது. என்னுடையது இல்லை என்று சொல்லு, 'ஆ' வேண்டும் என்று சொல்லு, அம்மாவுக்காகச் சொல்லு என்றது. வேறு கட்டளைதான், ஆனால் கண் அதே கண். நான் முகத்தைத் திருப்பித் தண்ணீர்க் கிளாசைப் பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கழுத்து நரம்பெல்லாம் வலித்தது. அவள் என் முகத்தில் தேடிவிட்டு, அங்கே ஒன்றும் கிடைக்காமல், தன்பாட்டில் விடப்பட்டாள்.

இவர் இருமினார். வாத்தியார் அவசரப்படுத்தவில்லை.

"எனக்குத் தெரியேல்லை," என்றாள் மதுரா கடைசியில், அவர்களுடைய பாஷையில், மிகச் சின்னக் குரலில். "கொஞ்சம் யோசிச்சிட்டுச் சொல்லலாமோ?"

"ஓம், அதுக்கென்ன," என்றார் வாத்தியார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். தன் கைபேசியில் நாட்களைப் பார்த்து, மூன்று கிழமை கழித்துத் திரும்பச் சந்திப்போம், அதுவரை வீட்டில் கதையுங்கள், எனக்கும் யோசிக்க ஏதாவது இருந்தால் யோசிக்கிறேன் என்றார்.

எழும்பும்போது நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு வாத்தியாரிடம் நான் கேட்ட முதல் கேள்வி. முந்தியும் இப்படி நேரம் கேட்கலாமா, கன வருடத்துக்கு முதல், என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். தான் வந்து சில வருடம்தான், ஆனால் தனக்குத் தெரிந்தவரை எப்போதும் கேட்கலாம், சம்மதம் வராவிட்டால் திரும்பச் சந்திப்பதுதான் வழக்கம் என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மதுராவும் தகப்பனும் முன்னால் நடந்தார்கள். அவள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனாள். நான் பின்னால் நின்றுவிட்டேன்.

இப்போது அவள் தன் அறையில் இருக்கிறாள். என்ன யோசிக்கிறாள் என்று கேட்க என் நாக்குத் துடிக்கிறது. கேட்கவில்லை. அவள் 'ஆ' என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு இன்னும் ஆசைதான், உம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது. 'பே' என்று சொன்னால் அதையும் விழுங்கப் பழக வேண்டும். உம்மிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான், ஒரு பிள்ளையின் முகத்துக்கு முன்னால் என் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இந்தச் சின்ன வலி.

லண்டன் அபிராவுக்கு நல்லதைத்தான் செய்தது. அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த மேசையில் உங்களில் ஒருவர், நீரோ அவளோ, கொஞ்சம் யோசித்துச் சொல்கிறோம் என்று மட்டும் கேட்டிருந்தால், ஓம் அதுக்கென்ன என்று உமக்கும் சொல்லியிருப்பார்கள். மூன்று கிழமை உமக்கும் தந்திருப்பார்கள். அந்த மூன்று கிழமை கிடைத்திருந்தால் நீர் லண்டனில் கழித்த பதினைந்து பதினாறு வருடமும் எனக்கு எதிரே நின்றிருப்பீர்.